கிறீஸ் அடித்த மூட்டு

என் தங்கையைக் கொன்றவன் நான்.

கத்தியால் அல்ல. துவக்காலும் அல்ல, அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் துவக்குக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். ஒரு வெள்ளைச் சட்டை ஊத்தையாகிவிடுமே என்று பார்த்தேன். அதனால் அவள் செத்தாள். சிரிப்பு வருகிறதா? சிரி. நானும் சிரித்துப் பார்த்திருக்கிறேன்.

ஊர் வேறு கதை சொல்கிறது. அவளுடைய புருஷன் பேரின்பம் வான் வண்டியைக் கொண்டுபோய் வாவிக்குள் விட்டு அவளைக் கொன்றுபோட்டானாம். நான் பெரிய மனது பண்ணி அவனை மன்னித்தேனாம். “மனிசன் எண்டா பாஸ் மாதிரி இரிக்கணும்” என்று கல்யாண வீடுகளில் என் காதுபடப் பேசுகிறார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை அடக்கம் என்று நினைக்கிறார்கள், மடையர்கள்.

நீ யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாதபடியால்தான் உன்னிடம் சொல்கிறேன். வேதக்காரருக்குப் பாவம் சொல்ல ஒரு கூண்டு இருக்கிறது. சொல்லிவிட்டு எழும்பிப் போகலாம். நான் மண்டூர் முருகனைக் கும்பிடுகிறவன். அங்கே பூசை செய்கிறவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். நானும் இத்தனை காலம் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். அவர் பக்தியால் கட்டினார், நான் கோழைத்தனத்தால்.

இரக்கப்படுகிற எண்ணம் இருந்தால் இப்போதே எழும்பிப் போய்விடு. உன் இரக்கத்தை வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

நான் வாகனம் திருத்துகிறவன். எங்கள் பக்கத்தில் கைத்தொழில் தெரிந்தவனைப் ‘பாஸ்’ என்பார்கள். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கல்லடியில் கடற்பக்கமாக எனக்கொரு கராஜ் இருந்தது. என் கையைப் பற்றி எனக்கு ஒரே பெருமை. இந்தக் கை தொட்டால் போதும், எது தேய்ந்தது எது தேயவில்லை என்று சொல்லும் என்பேன். சொல்லும்தான், பொய் இல்லை. ஆனால் தொட்டால்தானே?

ஒரு வண்டியின் ஸ்டியரிங் மூட்டுகள் தேய்ந்துவிட்டனவா என்று பார்க்க இரண்டு பேர் வேண்டும். சக்கரங்கள் நிலத்தில் ஊன்றி நிற்கவேண்டும். ஜக் போட்டுத் தூக்கினால் சில மூட்டு ஏமாற்றிவிடும். ஒருவன் ஆசனத்தில் இருந்துகொண்டு ஸ்டியரிங்கைச் சின்னதாக இடமும் வலமும் ஆட்டவேண்டும். மற்றவன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, தண்டுகளின் நுனியில் இருக்கும் மூட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கவேண்டும். மூட்டு என்றால் வேறொன்றுமில்லை, ஒரு கிண்ணமும் அதற்குள் ஒரு இரும்புக் குண்டும். நல்ல மூட்டு கைக்குள் வழுக்கிக்கொண்டு திரும்பும். தேய்ந்தது, திரும்புவதற்கு முன் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டும். அந்தத் தட்டுத்தான் ஆட்டம். இதற்குப் பெரிய மூளை வேண்டாம். முதுகு மண்ணில் படவேண்டும், அவ்வளவுதான்.

அந்த முதுகைத்தான் நான் மண்ணில் படவிடவில்லை.

பேரின்பத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு அவனைத் தொடக்கத்திலிருந்தே பிடிக்காது. அவன் ஒரு கெடுதலும் செய்யவில்லை. கெடுதல் செய்திருந்தால் வெறுப்பதற்கு வசதியாக இருந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் தாய்வீடு மகளுக்குத்தான். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்சாதி வீட்டுக்குப் போய்விடவேண்டும். நானும் அப்படித்தான் போனேன். அது வழக்கம், அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் பனிச்சங்கேணியில் இறால் பிடித்துக்கொண்டு திரிந்த ஒருவன் மாப்பிள்ளை என்று வந்து, நான் பிறந்த அறையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குறட்டை விட்டான் பார்... அதை என்னால் பொறுக்க முடியவில்லை. என் தாய் வைத்த தென்னையில் அவன் இளநீர் பறித்துத் தருவான். “குடிங்க மச்சான்” என்பான். என் மரத்து இளநீரை எனக்கே விருந்து வைக்கிறான்! குடித்தேன். குடித்துவிட்டு, இனிப்புக் காணாது என்றேன்.

மெல்லப் பேசுவான். எதையும் இரண்டு தரம் கேட்பான். நான் எப்படிப் பகிடி பண்ணினாலும் சிரிப்பான். பிறகு வாகனம் ஓடப் பழகி, எங்கிருந்தோ ஒரு பழைய வான் வாங்கி, ஆட்களை ஏற்றி இறக்கிப் பிழைத்தான். அந்த வானை அவன் பவுண் நகை மாதிரித் துடைப்பான். அதுவும் எனக்கு எரிச்சல்.

என் தங்கை மலர் அவனோடு சந்தோஷமாக இருந்தாள். எரிச்சலில் பெரிய எரிச்சல் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

கடல் வந்த அன்று காலை மலர் தன் பதினாலு வயது மகளை இறுக்கிப் பிடித்தபடி அடுத்த வளவு மாமரத்தின் கொப்புக்குள் மாட்டிக் கிடந்தாள். பேரின்பம் முதல் நாளே வாவிக்கு அந்தப் பக்கம் சவாரி போயிருந்தான். பக்கத்து வீடுகளில் ஆட்கள் இல்லை, வீடுகளும் இல்லை. இவர்கள் மூன்று பேரும் மிஞ்சினார்கள். எங்கள் தாய்வீடு சுவர் வெடித்து, கூரையோடு நின்றது. என் கராஜ் இருந்த இடத்தில் மணல் இருந்தது.

வானைக் கடல் தொடவில்லை என்று நினைக்காதே. அலை வந்ததென்று கேள்விப்பட்டதும் பேரின்பம் பாலத்தால் திரும்பி ஓடிவந்து, வானை உப்புத் தண்ணீருக்குள் இறக்கி, கண்டவர்களையெல்லாம் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினான். திரும்பத் திரும்ப ஓடினான். கடைசியில் சேற்றில் புதைந்து எஞ்சின் நின்றது. பிறகு நான்தான் அதைக் கழற்றிக் கழுவி மறுபடி ஓடவைத்தேன். என் வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல வேலை... அதையும் அரைகுறையாகச் செய்தேன். மூட்டுகளின் ரப்பர் உறைகள் வெடித்திருந்ததைக் கண்டேன். உப்பும் மணலும் உள்ளே போயிருக்கும் என்று தெரியும். பிறகு பார்ப்போம் என்று விட்டேன்.

அதற்குப் பிறகு வெள்ளை ஜீப்புகள் வந்தன. எங்கிருந்துதான் வந்தனவோ! ஒவ்வொரு சந்தியிலும் ஒரு கொடி, ஒரு குடை, ஒரு வெள்ளைக்காரன். செத்தவர்களை எண்ணி முடிக்கமுதல் கூட்டம் போடத் தொடங்கினார்கள். அப்படி வந்த ஒரு நிறுவனம் தன் வாகனங்களைப் பார்க்க என்னைப் பிடித்தது. எனக்கொரு மேசை தந்தார்கள், காற்றாடி தந்தார்கள், பையில் நீல நூலால் பூ வேலை செய்த வெள்ளைச் சட்டை தந்தார்கள். மெக்கானிக்குக்கு வெள்ளைச் சட்டை! அதை யோசித்தவன் எவ்வளவு பெரிய முட்டாள். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்தவன் அவனைவிடப் பெரிய முட்டாள்.

அந்தச் சட்டை வந்த பிறகு நான் படுப்பதை விட்டேன். நின்றுகொண்டே மற்றவர்களுக்குச் சொன்னேன். அவர்கள் படுத்தார்கள். என் சட்டை வெள்ளையாகவே இருந்தது.

ஆவணி மாதம், மண்டூர்த் திருவிழா. மாமரத்தில் மாட்டிக் கிடந்தபோது மலர் ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். பிள்ளையைக் காப்பாற்றித் தந்தால் தீர்த்தத்துக்குக் குடும்பத்தோடு வருவேன் என்று முருகனிடம் சொல்லியிருந்தாள். தீர்த்தத்துக்கு முதல் நாள் பேரின்பம் வானைக் கொண்டுவந்து நிறுவனத்து முற்றத்தில் நிறுத்தினான்.

அன்று பெரிய வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். எல்லாரையும் நிறுத்திப் படம் எடுப்பார்களாம். சட்டையை என் மனைவி கஞ்சி போட்டு மினுக்கித் தந்திருந்தாள். முந்திய இரவு மழை தூறியிருந்தது. முற்றம் எண்ணெயும் சேறுமாகக் கிடந்தது.

“மச்சான், ஸ்டியரிங் கொஞ்சம் ஆடுது” என்றான். “நாளைக்கு மண்டூருக்குப் போகணும். ஒருக்காக் கீழ படுத்துப் பாருங்களன்.”

“வண்டி ஆடுதா, நீ ஆடுறியா?” என்றேன். முற்றத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவனும் சிரித்தான். “இல்ல மச்சான், வளைவில கிறுகக்குள்ள ஒரு சத்தமும் கேக்குது.”

“சரி, ஏறி ஆட்டு.”

ஏறினான். ஆட்டினான். நான் கதவோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

கேட்டேன். டக்... டக்... ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரங்களுக்குப் போகிற தண்டின் மூட்டு. வேறு எதுவுமில்லை, அதுதான். நான் கவனிக்கவில்லை என்று நீ எனக்காக வாதாடிவிடாதே. தெளிவாகக் கேட்டேன். நின்றுகொண்டிருந்தவனுக்கே கேட்கிறதென்றால் கிண்ணம் எவ்வளவு தேய்ந்திருக்கும் என்றும் கணக்குப் போட்டேன்.

“ஆட்டம் இரிக்கா மச்சான்?” என்று மேலிருந்து கேட்டான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கிறீஸ் துவக்கை எடுத்தேன். சட்டையின் கீழ்நுனியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குந்தினேன். படுக்கவில்லை, குந்தினேன்... பெண்பிள்ளைகள் கோலம் போடக் குந்துகிற மாதிரி! கையை மட்டும் நீட்டி அந்த மூட்டுக்குள் கிறீஸை அடித்தேன். வெடித்த உறையால் பிதுங்கி வரும்வரை அடித்தேன்.

“இப்ப ஆட்டு.”

ஆட்டினான். சத்தம் இல்லை.

தொழில் தெரிந்த எவனுக்கும் தெரியும், இது கள்ள வேலை. தேய்ந்த கிண்ணத்துக்குள் கட்டிக் கிறீஸ் நிரம்பினால் குண்டு கொஞ்ச நேரம் மெத்தையில் கிடக்கும். தட்டாது. விற்க வருகிற வண்டிக்குத் தரகர்கள் செய்கிற வேலை. அதைப் பிடிப்பதுதான் எனக்குப் பெருமையான வேலையாக இருந்தது. எத்தனை தரகர்களை அதற்காக ஏசி விரட்டியிருக்கிறேன்!

“ஒண்டுமில்ல. கிறீஸ் காஞ்சு கிடந்திரிக்கு. போ” என்றேன்.

அவன் இறங்கவில்லை. “கீழ படுத்துப் பாக்கல்லயே மச்சான்?” என்றான். இரண்டாந்தரம் கேட்கிறவன் அல்லவா.

“உனக்கு ஓடத் தெரியாததுக்கு நான் சேத்துக்க புரளணுமா? இறால் பிடிச்சவன் ஸ்டியரிங்கப் பிடிச்சா அது ஆடத்தான் செய்யும்.”

மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். அவன் முகம் கொஞ்சம் சுருங்கி, பிறகு வழக்கம்போல விரிந்தது.

“நீங்க சொன்னாச் சரி மச்சான்” என்றான். போனான்.

சாமான் கிடைக்கவில்லை, கொழும்பிலிருந்து வரவேண்டும், வீதி பூட்டு, சோதனைச் சாவடி... இப்படியெல்லாம் பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதுவும் பொய். காத்தான்குடிக் கடையில் அந்த மூட்டு புதுசாக இருந்தது. சைக்கிளில் போனால் ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம். பின்னேரமே மாற்றியிருக்கலாம்.

படம் எடுத்தார்கள். வெகுநாளைக்குப் பிறகு ஒரு பிரதி வந்தது. நான் ஓரத்தில் நின்றிருக்கிறேன். என் முகம் விழவில்லை. சட்டையின் ஒரு கை மட்டும் விழுந்திருக்கிறது. நல்ல வெள்ளை.

குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்க ஒரு மிதவை உண்டு. நாங்கள் அதைப் ‘பாதை’ என்போம். வாகனங்களும் ஆட்களும் அதில் ஏறி அக்கரைக்குப் போகவேண்டும். தீர்த்தத்தன்று காலையில் பேரின்பம் வானைப் பாதையில் ஏற்றினான். மலர் நடு ஆசனத்தில், மடியில் அருச்சனைத் தட்டோடு. மகள் தர்ஷினி முன்னால், தகப்பனுக்குப் பக்கத்தில். வானை விட்டு இறங்கி நிற்கத்தான் எல்லாரும் சொல்வார்கள். சேலை நனையும், தட்டில் தண்ணீர் தெறிக்கும் என்று அவள் இறங்கவில்லையாம். பார், அவளுக்கும் உடுப்புத்தான். அண்ணனும் தங்கையும்!

அக்கரையில் பாதையிலிருந்து துறைக்கு இறங்கி உடனே ஒடித்துத் திருப்பவேண்டும். திருப்பினான். மூட்டுக்கு அதைவிடப் பெரிய பாரம் இல்லை. குண்டு கிண்ணத்தைவிட்டுத் துள்ளியது. ஸ்டியரிங் அவன் கையில் சும்மா சுற்றியது. வான் கரையோரமாகச் சரிந்து, பாதை வந்து போவதற்காகத் தோண்டிய ஆழத்துக்குள் பக்கவாட்டில் விழுந்தது.

பேரின்பம் தர்ஷினியை யன்னலால் இழுத்துக் கரையில் போட்டான். பிறகு மலருக்காக மூழ்கினான். கதவு சேற்றில் இறுகிவிட்டது. பனிச்சங்கேணியில் பிறந்தவன், அவனைப்போல மூச்சுப் பிடிக்க அந்தத் துறையில் யாருமில்லை. மூழ்கி எழும்பினான், மூழ்கி எழும்பினான். மூக்கால் இரத்தம் வர, நாலு பேர் பிடித்து இழுத்துத்தான் அவனைக் கரையில் வைத்திருந்தார்கள்.

கடல் விட்டுவைத்தவளை நான் வாவிக்குக் கொடுத்தேன்.

நான் போய்ச் சேரும்போது அவளைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். வானையும் கயிறு கட்டி மேலே இழுத்திருந்தார்கள். பொலிஸ்காரர் ஒருவர் என்னை அறிவார். “பாஸ், நீங்களே ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க” என்றார்.

அப்போது படுத்தேன். ஆமாம், அப்போதுதான். என் தங்கை பக்கத்தில் பாயில் கிடக்க, நான் வானுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். அதே வெள்ளைச் சட்டை, கரைச் சேறு. கிண்ணத்தின் வாய் முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. உள்ளே நான் அடித்த கிறீஸ், மஞ்சளாக, புதுசாக. வாவித் தண்ணீர்கூட அதைக் கழுவியிருக்கவில்லை.

சட்டையின் கீழ்நுனியால் அதை வழித்துத் துடைத்தேன். துளி இல்லாமல் துடைத்தேன். அந்தச் சட்டையை ஊத்தையாக்க எனக்கு மனம் வந்தது அப்போதுதான்.

எழும்பி வந்து சொன்னேன்: “விழுந்த அடியில கழண்டிரிக்கு. முதல்ல நல்லாத்தான் இருந்த. நேத்து நான்தான் பாத்தன்.”

செத்தவளின் அண்ணன் சொல்கிறான், அதிலும் பாஸ் சொல்கிறான். யார் சந்தேகப்படுவார்கள்? பொலிஸ்காரர் என் தோளைத் தட்டினார்.

பேரின்பம் ஈரத்தோடு குந்தியிருந்தான். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். “மச்சான், அது சும்மா சுத்திச்சு” என்றான். “கையில ஒண்டும் இல்லாத மாதிரிச் சுத்திச்சு.”

“வாய மூடு” என்றேன்.

மூடிக்கொண்டான். நான் சொன்னதை அவன் எப்போதுதான் கேட்காமல் விட்டான்?

தீர்த்தத்துக்கு விரதம் இருந்தவனைக் குடித்திருந்தான் என்றார்கள். நித்திரை தூங்கினான் என்றார்கள். இறால்காரனுக்கு ஏன் வாகனம் என்றார்கள். அது என் வாயிலிருந்து போன சொல்தான், ஊரைச் சுற்றித் திரும்பி வந்தது. வழக்கு நடந்தது. அவனுடைய லைசன்ஸ் போனது. கொஞ்சக் காலம் உள்ளேயும் இருந்தான். வெளியே வந்த அன்று நேராக என் வீட்டுக்கு வந்து, முற்றத்தில் என் காலில் விழுந்தான்.

“உங்கட தங்கச்சிய நான் சாகடிச்சுப்போட்டன் மச்சான்.”

ஆட்கள் கூடிவிட்டார்கள். நான் என்ன செய்யவேண்டும்? நீ சொல். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? வேண்டாம், சொல்லாதே, நீயும் பொய்தான் சொல்வாய்.

குனிந்து அவனைத் தூக்கினேன். “எழும்பு. விதிக்கு நீ என்ன செய்வாய்?” என்றேன். பெண்கள் அழுதார்கள். அன்றிலிருந்து நான் ஊருக்குப் பெரிய மனிதன். என் குற்றத்துக்கு நானே அவனை மன்னித்தேன்... இப்படியொரு கேவலத்தை நீ வேறெங்காவது கேள்விப்பட்டிருக்கிறாயா?

தர்ஷினி எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். தகப்பன் இருக்கிற வீட்டில் கால் வைக்கமாட்டேன் என்றாள். ‘அப்பா’ என்ற சொல் அவள் வாயில் செத்துப்போனது. ‘அந்த ஆள்’ என்பாள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, புத்தகங்களை வைக்காமல், என் முன்னால் நின்று கேட்டாள்.

“மாமா, வான் நல்லாத்தானே இருந்த?”

அவளுக்கு அது ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது. நான் ‘இல்லை’ என்று சொன்னால் அவளுக்குத் தகப்பன் திரும்பக் கிடைப்பான். அவனுக்கு மகள் கிடைப்பாள். நான் இழப்பது என் பெயரையும் அவள் என்னை மாமா என்று கூப்பிடுவதையும் மட்டும்தான்.

“ஓம் மகள்” என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனாள். பிறகு கேட்கவில்லை. ஆனால் அன்று தொடக்கம், நான் பார்த்துச் சரி என்று சொல்லாத எந்த வாகனத்திலும் அவள் ஏறுவதில்லை.

பேரின்பம் மறுபடி தோணியும் வலையுமானான். கிழமைக்கொரு தரம் நண்டு கொண்டுவருவான். வேலிப் படலைக்கு உள்ளே வரமாட்டான். என் மனைவியிடம் பையைக் கொடுத்துவிட்டு, வீட்டு யன்னலை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போவான். அவன் வருகிற நேரம் தர்ஷினி அந்த யன்னலைச் சாத்திவிடுவாள். நான் நண்டுக் காலை உடைத்து உறிஞ்சிச் சாப்பிட்டேன்.

படுவான்கரையில் சண்டை மூண்டது. வாவியின் அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் பெட்டி சட்டியோடு இந்தப் பக்கம் வந்து பள்ளிக்கூடங்களில் கிடந்தார்கள். பிறகு திரும்பிப் போனார்கள். பிறகு வடக்கில் எல்லாம் முடிந்தது என்று வானொலி சொன்னது. சிலர் வெடி கொளுத்தினார்கள், சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எத்தனை சாவுக்கு யார் காரணம் என்று கேட்க அந்த மாதம் ஒருவருக்கும் வாய் இருக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு வசதியாக இருந்தது என்று உனக்குச் சொன்னால் காறித் துப்புவாய். துப்பு. இத்தனை பேர் போன இடத்தில் ஒருத்தியின் கணக்கை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். இப்படி நினைக்கிற வாய்ப்பை எனக்குத் தந்ததுதான் அந்தச் சமாதானம்.

அந்த ஆண்டுதான் தர்ஷினிக்குக் கல்யாணம். நல்ல இடம். வழக்கப்படி தாய்வீடு அவளுக்கு. “அந்த ஆள் அங்க இரிக்கக்கூடா மாமா” என்றாள். அதைச் சொல்ல நான்தான் போனேன். பேரின்பம் முற்றத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தான். ஏன் என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. இரண்டு தரம் கேட்கிறவன்!

“அது அவட தாயிட வீடுதானே மச்சான்” என்றான். “நான் துறைப் பக்கம் ஒரு கொட்டில் போட்டுக்கிறன்.”

தாரை வார்த்துக் கொடுக்கத் தகப்பன் இடத்தில் என்னை நிற்கச் சொன்னாள். நின்றேன், அதை விடு. அதற்கு முன் நடந்ததைத்தான் உனக்குச் சொல்லவேண்டும்.

கல்யாணக் காலை. கோயிலுக்குப் போகக் காத்தான்குடியிலிருந்து கார் வந்து, பூவெல்லாம் கட்டி வாசலில் நிற்கிறது. அதன் சாரதி தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான். தர்ஷினி கூறைச் சேலையோடு வாசலுக்கு வந்து நின்றுகொண்டாள்.

“மாமா, நீங்க கீழ படுத்துப் பாத்தாத்தான் ஏறுவன்.”

“புதுக் காருடி.”

“படுத்துப் பாருங்க.”

எல்லாரும் பட்டு உடுத்து நிற்கிறார்கள். ஸ்டியரிங்கை ஆட்ட ஒருவன் வேண்டும். யாருக்கும் அது தெரியாது. வேலிக்கு வெளியே, தெருவின் மற்றக் கரையில், கழுவிய சாரத்தோடு ஒருவன் நிற்கிறான். கூப்பிடாத கல்யாணத்தைத் தூரத்தில் நின்று பார்க்க வந்திருக்கிறான்.

“பேரின்பம், வா. ஏறி ஆட்டு” என்றேன்.

வந்தான். கையைச் சாரத்தில் துடைத்தான். அன்றைக்குப் பிறகு அவன் ஒரு வாகனத்தில் சாரதி ஆசனத்தில் இருந்தது அதுதான் முதல் தரம். தர்ஷினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் நகரவில்லை.

பட்டு வேட்டியோடு மணலில் மல்லாந்து படுத்தேன். மூட்டு மூட்டாகப் பொத்திப் பிடித்தேன். அவன் சின்னதாக, ஒழுங்காக ஆட்டினான். நான்தான் ஒருகாலத்தில் சொல்லிக்கொடுத்திருந்தேன். எல்லாம் நல்ல மூட்டு. வழுக்கிக்கொண்டு திரும்பின. அடியில் கிடந்தபடி பார்த்தால் அவளுடைய பாதங்கள் தெரிந்தன, மருதோன்றி போட்ட பாதங்கள். என் கைக்கு எட்டும் தூரம்.

மேலிருந்து அவன் குரல் வந்தது. “ஆட்டம் இரிக்கா மச்சான்?”

அதே கேள்வி. ஒரு சொல்கூட மாறவில்லை.

முகத்தை யாரும் பார்க்க முடியாத இடத்தில் கிடந்தேன். இதைவிட வசதியான கூண்டு எந்த வேதக்காரனுக்குக் கிடைக்கும்? “இதுல இல்ல, அண்டைக்கு இருந்த” என்றால் போதும். அவனுக்கும் கேட்கும், அவளுக்கும் கேட்கும். கல்யாணம் குழம்பிவிடும் என்று எனக்கு நானே சொன்னேன். பார்த்தாயா, அப்போதும் ஒரு நல்ல காரணம் கையில் இருந்தது!

“இல்ல. நல்லாத்தான் இரிக்கு” என்றேன்.

அந்தப் பாதங்கள் நகர்ந்தன. காரின் கதவு திறந்து மூடியது. அவன் இறங்கியதை அவள் பார்க்கவில்லை.

நான் எழும்பி நின்றேன். பேரின்பம் எனக்குப் பின்னால் வந்து முதுகில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டான். மெல்ல, பட்டுக்கு நோகாமல்.

“நீங்க கல்யாண உடுப்போட மண்ணில படுத்துப் பாக்கிறீங்க” என்றான். “இப்பிடிப்பட்ட மனிசன் அண்டைக்குப் பிழையாச் சொல்லியிரிப்பீங்களா? வான் நல்லாத்தான் இருந்திரிக்கும். சும்மா சுத்தின மாதிரி எனக்குத்தான் தோணியிரிக்கு. நான் கண்ணயந்திட்டன் போல மச்சான்... என்ன?”

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பதில் வேண்டித்தான் கேட்டான்.

“ஓம்” என்றேன். “அப்பிடித்தான் இரிக்கும்.”

அவன் தலையாட்டினான். மிச்ச மணலையும் தட்டிவிட்டான். நான் நின்று கொடுத்தேன்.

இப்போது உனக்கும் தெரியும். அவன் இன்னும் இருக்கிறான். துறைப் பக்கம் கேட்டால் கொட்டிலைக் காட்டுவார்கள். வேண்டுமென்றால் போய்ச் சொல். மாட்டாய். நமக்கேன் வில்லங்கம் என்று வாயைக் கட்டிக்கொள்வாய். கட்டிக்கொள், எனக்குத் துணையாக இருக்கும்.

நேற்றும் நண்டு கொண்டுவந்தான். நான் உள்ளேதான் இருந்தேன். “மச்சானுக்குச் சுகம்தானே?” என்று படலையில் நின்று என் மனைவியிடம் கேட்டது என் காதில் விழுந்தது. சாத்திக் கிடந்த யன்னலை வழக்கம்போலப் பார்த்துவிட்டுப் போனான். தர்ஷினி கல்யாணமாகித் தன் வீட்டுக்குப் போய்விட்டாள், இந்த யன்னலுக்குப் பின்னால் இப்போது இருப்பவன் நான்தான்.

மத்தியானம் சாப்பிட்டேன். சதை நிறைந்த நண்டு.